உயிரோடு இருப்பவர்களை வரைவது

சேலையூரிலும் தாம்பரத்திலும் பல வீட்டுக் கூடங்களில் நான் வரைந்த படங்கள் தொங்குகின்றன. அத்தனை பேரும் இறந்தவர்கள். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. படிப்பு முடித்த கையோடு ஒரு பெண் வரைந்த படத்துக்கு முன்னால் பெரிய பெரிய மனிதர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார்கள் என்றால் அது சாதாரண விஷயமா?

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. அம்மாவும் அப்படித்தான். சேலையூர் ஏரிக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு இருந்த நிலம் மனைகளாகி, கல் நட்டு, விற்றுப் போனபின் மிஞ்சியது வீடும் மாடுகளும்தான். அந்த மனைகளை வாங்கி வீடு கட்டிக் காலனி ஆக்கியவர்களுக்கே அம்மா பால் ஊற்றினாள். அவர்களுடைய பிள்ளைகள் படித்த அதே பாடத்தைப் படித்து, அவர்களைவிட நல்ல மார்க் வாங்கி, பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்தேன். கேம்ப் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது என் கழுத்து தானாகவே நிமிரும்.

வரைய எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ரெக்கார்டு நோட்டில் தவளையும் கரப்பானும் போட்டுப் போட்டுக் கை வந்தது. கல்லூரியில் பாதி வகுப்புக்கு நான்தான் வரைந்து கொடுப்பேன். பெரியப்பா இறந்தபோது அவருடைய முகம் என்று வீட்டில் இருந்தது, ரயில் சீசன் டிக்கெட்டுக்காக எடுத்த ஒரு சின்ன போட்டோ மட்டும். அதன்மேல் மெல்லிய கட்டம் போட்டேன். பெரிய தாளில் அதே எண்ணிக்கைக் கட்டங்களைப் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் என்ன இருக்கிறதோ அதை மட்டும் எடுத்து வைத்தேன். முகத்தை வரைகிறோம் என்று நினைக்கக் கூடாது. நினைத்தால் கை தப்பிவிடும். கடைசியில் கட்டங்களை ரப்பரால் அழித்தபோது உள்ளே பெரியப்பா இருந்தார். பெரியம்மா சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. உடம்பு கொதித்தது. ஓடிப்போய் இன்னொரு தாளை எடுக்க வேண்டும் போல் இருந்தது.

அந்தப் படத்துக்குக் கண்ணாடி போடத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் இருந்த ஒரு பிரேம் கடைக்குப் போனேன். சாமி படங்களுக்கும் கல்யாண போட்டோக்களுக்கும் சட்டம் போடுகிற சின்னக் கடை. கடைக்காரர் எங்கள் பக்கத்து ஆள்தான். எனக்கு அண்ணன் முறை மாதிரி. படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "மெய்யாலுமே நீயா வரைஞ்ச?" என்று கேட்டார். அதற்குப் பிறகு வேலைகள் அவர் வழியாக வரத் தொடங்கின. இறந்தவர் படம் என்றால் ஒரே அளவு, கறுப்புச் சட்டம். முடித்ததும் அவரே சந்தனச் சீவல் மாலையைப் போட்டு, மேலே ஒரு குட்டி சிவப்பு பல்பையும் பொருத்தி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்.

கொண்டுவருகிற போட்டோக்கள் எல்லாம் பெரியப்பாவுடையது மாதிரி இருக்காது. வாழ்நாளில் ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளாதவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய பேர். அவர்கள் போன பிறகுதான் ஸ்டூடியோக்காரரைக் கூப்பிடுவார்கள். நாற்காலியில் சாய்த்து, பின்னால் யாரோ பிடித்துக்கொள்ள, எடுத்த படம். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணிக் கட்டு, மூக்கில் பஞ்சு, நெற்றியில் ஒட்டிய காசு, மூடிய கண்கள். என் வேலை கட்டை அவிழ்ப்பது, பஞ்சை எடுப்பது, காசு இருந்த இடத்தில் பொட்டோ திருநீறோ வைப்பது, கண்ணைத் திறப்பது.

மற்றதெல்லாம் சுலபம். கண்தான் பாடுபடுத்தும். போட்டோவில் இல்லாததை எங்கிருந்து எடுப்பது? வீட்டுக்காரர்களைக் கேட்பேன். கண் பெரிதா, சிறிதா, இமை தடித்திருக்குமா? ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. இத்தனை வருடம் கூட இருந்தவர்கள் முழிப்பார்கள். "கண்ணுன்னா கண்ணு மாதிரிதாம்மா இருக்கும்" என்று ஒரு மகன் சொன்னான். அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் சட்டம் போன ஒரு பழைய கண்ணாடி வாங்கினேன். அதை எதிரே சாய்த்து வைத்து, என் கண்ணைப் பார்த்து வரைந்தேன். வயசானவர் என்றால் கீழே இரண்டு சுருக்கம். ஆம்பளை என்றால் புருவத்தில் கொஞ்சம் முடி. ஜனங்கள் படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிடுவார்கள். நேராகப் பார்க்கிற மாதிரியே கீதே என்பார்கள். அந்த வார்த்தைக்காகவே நான் வரைந்தேன்.

அதற்குள் பல்லாவரத்தில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் டைப்பிஸ்ட் ஆகியிருந்தேன். அப்பாவுக்கு அது போதும். மகள் ஆபீசுக்குப் போகிறாள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி முடித்திருந்தார். எனக்குத்தான் போதவில்லை. டைப் அடிக்கும்போது விரல்கள் வேறெதையோ தேடும். மேஜையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து தாளை விரித்தால்தான் மூச்சு சீராகும். வரைவதுதான் என் வாழ்க்கை என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன். மகள், டைப்பிஸ்ட், நாளைக்கு யாரோ ஒருவரின் மனைவி என்று மற்றவர்கள் எனக்குக் கொடுக்கிற இடங்களில் எதுவும் நான் இல்லை. நான் யார் என்பது அந்தத் தாளில்தான் எங்கேயோ இருக்கிறது என்று நம்பினேன்.

நகரத்துக்குள் ஓர் ஓவியப் பள்ளியில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை வகுப்பு நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நல்ல படங்களாகச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். பாராட்டு மழை பொழியும் என்று நினைத்தேன். அங்கிருந்தவர் எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, இவை போட்டோவைப் பார்த்து வரைந்தவை என்று ஒரே வரியில் முடித்தார். உயிரோடு இருக்கிற ஒருவரை எதிரே உட்காரவைத்து வரைந்த படம் ஒன்று கொண்டுவாருங்கள், அதைப் பார்த்துச் சேர்ப்பதா வேண்டாமா என்று சொல்கிறோம், பொங்கலுக்குள் வாருங்கள் என்றார்.

திரும்பி வருகிற ரயிலிலேயே தொடங்கினேன். லேடீஸ் கம்பார்ட்மெண்டில் எதிரே பூக்கூடையோடு ஓர் அம்மா. நல்ல முகம். பென்சிலை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். கிண்டி தாண்டுவதற்குள் அவள் பொறுமை போய்விட்டது.

"இன்னா பாக்கற? என் மூஞ்சில இன்னா எழுதி ஒட்டிகீது?"

வரைகிறேன் என்று தாளைக் காட்டினேன்.

"வரையறதுக்கு வேற ஆளு கெடைக்கலியா? ஊட்ல உங்கம்மா இல்ல? போயி அவங்கள வரை."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தாளை மடக்கிவிட்டேன். அவமானத்தைவிட வேறொன்று உறுத்தியது. அவள் என்னைத் திருப்பிப் பார்த்த நொடியிலேயே என் கை நின்றுபோயிருந்தது. போட்டோ திருப்பிப் பார்க்காது, பிணமும் பார்க்காது. பார்க்கிற முகத்துக்கு முன்னால் எனக்கு ஒரு கோடுகூட வரவில்லை. அந்த ஒரு படம் வராவிட்டால், நான் ஓவியக்காரி இல்லை. கட்டம் போட்டு நகல் எடுக்கிறவள்.

பூக்காரம்மா சொன்னது போலவே அம்மாவைத்தான் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், கொல்லையில் ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்தேன். அம்மாவுக்கு உட்காரத் தெரியாது. கன்று கத்தினால் எழுவாள், தவிட்டுத் தொட்டியில் காக்கா உட்கார்ந்தால் எழுவாள், காலனியிலிருந்து யாராவது கூடுதல் பால் கேட்டு வந்தால் எழுவாள். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வந்து உட்காருவாள். நான் அதட்டுவேன். "ரெண்டு நிமிஷம் சும்மா இரும்மா" என்பேன். சும்மா இருந்தால் மாடு யார் கறப்பாங்க என்பாள். இப்படி இரண்டு மூன்று ஞாயிறுகள் போயின. பொங்கல் நெருங்கியது. எனக்குப் பொறுமை இல்லை. காதையும் மூக்கையும் கழுத்தையும் அவளைப் பார்த்து வரைந்தேன். மீதியை உள்ளே போய் உட்கார்ந்து என் பாட்டுக்கு முடித்தேன். கட்டம் போடாமல் வந்த முதல் முகம். எனக்கே பிரமிப்பாக இருந்தது.

கண்ணாடி போட்டுக் கொண்டுபோனால் மரியாதையாக இருக்கும் என்று, மறுநாள் ஆபீஸ் போகிற வழியில் பிரேம் கடையில் கொடுத்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. வழக்கமான அளவுத் தாள். வழக்கம்போல, "சீக்கிரம் வேணும்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். நான் படியிறங்கிவிட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்புகளாகக் கிடந்தன. உள்ளே, காலனியிலிருந்து எங்களிடம் பால் வாங்குகிற இரண்டு அம்மாக்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். அம்மா அவர்கள் இருவரையும் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். அப்பா கொல்லைப் பக்கமிருந்து வைக்கோலோடு வந்தார்.

யாருக்கு என்னம்மா ஆச்சு என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தெரிலடி. இவங்க வந்ததும் என்னப் பாத்துட்டு ஓன்னு அழுதாங்க. பாவம், யாரோ அவங்க வூட்ல போயிட்டாங்கன்னு நானும் அழுதுகினு கீறேன்" என்றாள்.

காலனி அம்மாக்களில் ஒருவர் சமாளித்துக்கொண்டு சொன்னதைக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. பிரேம் கடை வாசலில், சந்தன மாலையோடு அம்மாவின் படம் சாய்த்து வைக்கப்பட்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். காலையில் பால் வேறு தாமதமாக வந்ததாம். பக்கத்து வீட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு துக்கம் கேட்க வந்திருக்கிறார். வந்த இடத்தில் அம்மாவே கதவைத் திறந்தால் என்ன செய்வது? "ஷாக் ஆயிட்டேன் மா, அதான் அழுகை வந்துடுச்சு" என்றார்.

பேச்சு முடிவதற்குள் பிரேம் கடை அண்ணன் வந்துவிட்டார். டி.வி.எஸ். 50-ஐ வாசலில் நிறுத்தி, செய்தித்தாள் சுற்றிய படத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தலை குனிந்தபடி நின்றார். நிமிர்ந்தவர் அம்மாவைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த துக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோபமாவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உசுரோட கீறவங்கள இந்த சைசுல யாராவது வரைவாங்களா பாப்பா? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாது? காலைல இருந்து நான் சோறு துன்னல. வாயத் தொறந்து கேக்கவும் மனசு வரல."

அப்பா படத்தைப் பார்க்கவே மறுத்தார். மாலையும் பல்புமாக அது வாசற்படி தாண்டக் கூடாது என்றார். படிச்ச பொண்ணு செய்யற வேலையா இது என்று கேட்டார். அபசகுனத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை; ஆனால் அந்தத் தாளுக்குள் அம்மாவின் கழுத்தில் மாலை இருக்கிறது என்று நினைத்ததும் படத்தை வாங்க என் கை நீளவில்லை.

அம்மாதான் செய்தித்தாளைக் கிழித்து மாலையை உருவி எறிந்தாள். படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். தன் முகத்தை அவ்வளவு பெரிதாக அவள் பார்த்ததே இல்லை. கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள்.

"மூக்கு என்னுது. காதும் என்னுதுதான். கண்ணு என்னுது இல்ல."

நல்லாப் பாரும்மா என்றேன்.

"பாத்துட்டுதான் சொல்றேன். இது எங்கியோ கெளம்பிகினு கீறவ கண்ணு. நான் எங்கடி போவப் போறேன்? இது நீ."

படத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பழைய கண்ணாடியின் பக்கத்தில் வைத்தேன். அவள் சொன்னது சரியாக இருந்தது. ஒரு கோடு பிசகாமல் என் கண்கள். கண்ணாடியைப் பார்க்காமலேயே, அம்மா கொல்லையில் இருக்கும்போதே, உள்ளே உட்கார்ந்து என் கண்ணைத்தான் போட்டிருக்கிறேன். இத்தனை நாளில் கைக்கு வேறு கண் தெரியாமல் போயிருந்தது.

அடுத்த நாட்களில் நான் நிலைகொள்ளவில்லை. ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, படம் வரைந்து கொடுத்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனேன். பட்டாளத்தில் இருந்தவர், ரேஷன் கடைக்காரர், பிரசவத்தில் போன ஒரு பெண். எல்லாருடைய முகத்திலிருந்தும் நான் என்னைப் பார்த்தேன். வாசலைப் பார்க்கிற கண்கள். இருக்கிற இடத்தில் இருப்புக் கொள்ளாத, எப்போது விடுவீர்கள் என்று கேட்கிற கண்கள். என்னை அதுவரை எந்தக் கண்ணாடியும் அப்படிக் காட்டியதில்லை. கண்ணாடி முன்னால் நின்றபோதெல்லாம் இமையையும் புருவத்தையும் அளந்தேனே தவிர, அந்தப் பார்வை யாருடையது என்று கேட்டதில்லை.

ஒரு வீட்டில் மட்டும் வாயைத் திறந்தேன். கணவர் படத்தை எங்களிடம் வாங்கியிருந்த அக்கா. கண்கள் சரியாக வரவில்லை, திருத்தித் தருகிறேன் என்றேன். அவள் படத்துக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

"தொடாத. உசுரோட இருந்தப்ப அந்த ஆளு என்னிய நிமிந்து பாத்ததே இல்ல. இப்பதான் பாக்கறாரு. அப்படியே இருக்கட்டும்."

வெளியே வந்து ரயில்வே கேட் அருகே வெகு நேரம் நின்றேன். ஒரு வண்டி போய், இன்னொரு வண்டி போய், கேட் திறந்து மூடித் திறந்தது. அந்த அக்காவுக்குப் பொய் சொல்லியிருக்கிறேனா, நல்லது செய்திருக்கிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. ஆனால் பள்ளிக்கு அந்தப் படத்தைக் கொண்டுபோக முடியாது என்பது மட்டும் தெரிந்தது. மாட்டிக்கொள்வேன் என்ற பயத்தால் இல்லை. அவர்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்காது, எனக்குத் தெரியுமே. அம்மாவைப் பார்க்கத் தெரியாமல் நான் வேறு எதை வரைந்து என்னைக் கண்டுபிடிக்கப் போகிறேன்?

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. அப்பா வெளியே போகும்வரை காத்திருந்தேன். மறுபடியும் வரையப் போகிறேன் என்றதும் அம்மா முக்காலியைப் பார்த்துவிட்டு, இந்தத் தடவையாவது என்னைச் சாவடிக்காதே என்றாள். சின்னத் தாள்தான் எடுத்தேன். அவள் எதிரே உட்கார்ந்தேன். அன்று கன்று கத்தவில்லை, யாரும் பால் கேட்டும் வரவில்லை. அவள் என்னை நேராகப் பார்த்தாள். உடனே என் பார்வை தாளுக்குப் போயிற்று. நிமிர்ந்தேன், அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பென்சிலைச் சீவினேன். பலகையை நகர்த்தினேன். இடது பக்கம் வெளிச்சம் போதவில்லை என்று எழுந்து வலது பக்கம் வந்தேன். காலை மடக்கினேன், நீட்டினேன்.

"அசையாம இரும்மா" என்றேன்.

"நான் அசையல. நீதான் சும்மா சும்மா எழுந்துகினு கீற."

பென்சிலைக் கீழே வைத்தேன். வரைய வேண்டாம், பார்த்தால் போதும் என்று உட்கார்ந்தேன். அது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. ஓடிப்போகச் சொல்லி உடம்பு கெஞ்சியது. அவள் இடது இமை வலதைவிடச் சற்று இறங்கியிருந்தது. அடுப்புப் புகையில் வெந்து வெள்ளைக்குள் ஒரு மஞ்சள். அந்தக் கண்களுக்கு என்னிடமிருந்து ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. நான் பாஸ் பண்ணியதும் ஆபீஸ் போவதும் எந்தப் படத்துக்கு யார் கைகூப்பினார்கள் என்பதும் அங்கே எடுபடவில்லை. மாட்டைப் பார்ப்பது போல, மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பது போல, இது இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி யாரையும் நான் பார்த்ததில்லை.

பால் கறக்கிற நேரம் வரை அப்படியே போயிற்று. மாடு கூப்பிட்டது. அவள் எழப்போனபோதுதான், கொஞ்சம் இரும்மா என்று சொல்லி, வரையத் தொடங்கினேன். ஒரு கண் முடிந்தது. இன்னொன்றுக்கு இமைக் கோடு போட்டேன். அதற்குள் அவள் சொம்போடு போய்விட்டாள். மீதியை நானே முடித்துவிடலாம் என்று கை துடித்தது. பென்சிலைக் கைக்கு எட்டாதபடி ஜன்னல் திட்டின் மேல் தூக்கிப் போட்டேன்.

முகத்தில் ஒன்றரைக் கண் மட்டும் உள்ள அந்தத் தாளைத்தான், கண்ணாடி போடாமல், பள்ளிக்குக் கொண்டுபோனேன். முன்பு பார்த்தவரே இருந்தார். இதை ஏன் முடிக்கவில்லை என்று கேட்டார். அம்மா எழுந்து போய்விட்டாள், அதற்கு மேல் நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு வகுப்பு என்றார்; வரும்போது வரையக் கரித்துண்டு கொண்டுவரச் சொன்னார்.